கார்வினுக்குப் போன ஆர்கன்

ஆல்டர் கிரீக் ஊரின் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு செங்கல் கட்டடம், மூன்று பேராசிரியர்கள், அறுபது மாணவர்கள். சீட்டு, நடனம், சாராயம் மூன்றும் கூடாது. 1889 ஆகஸ்டில் திருச்சபைப் பேரவை அதை ரயில் ஓடும் கார்வினுக்கு மாற்றத் தீர்மானித்தது. கார்வின்காரர்கள் நிலம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆல்டர் கிரீக்கிடம் கொடுக்க மிச்சம் எதுவும் இல்லை.

சாமான்களை ஏற்ற வண்டிகள் வந்த காலையில் ஹல்டா பிரூவிட் ஜெபக்கூடத்துக்குப் போய், ஆர்கன் வாசிக்கும் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். அவளும் ஊர்ப் பெண்களும் நான்கு வருஷம் ஆப்பிள் பை என்ற பலகாரம் சுட்டு விற்று வாங்கிய ஆர்கன்.

பல்கலைக்கழக முதல்வர் பாஸ்டர் ஸ்டாக் தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"எந்திரிங்க சிஸ்டர். பேரவை முடிவு பண்ணியாச்சு."

"பேரவையா வந்து மாவு பிசைஞ்சுது?"

"இது கடவுளோட காரியம்."

"கார்வின்ல ரெண்டு சாராயக்கடை இருக்காமே. கடவுளோட காரியத்த எந்தக் கடைக்குப் பக்கத்துல வைக்கப்போறீங்க?"

வாசலில் நின்ற மாணவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். ஸ்டாக்கின் கழுத்து சிவந்தது. "பலகையோட தூக்குங்கப்பா" என்றார். யாரும் அசையவில்லை. பாதிப் பேர் அவள் வீட்டில் தங்கிச் சாப்பிட்டுப் படித்தவர்கள்.

அவரே பலகையின் ஒரு முனையைப் பிடித்து உயர்த்தினார். ஹல்டா சரிந்து தரையில் விழுந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது.

"விழுவீங்கன்னு நினைக்கல" என்றார்.

ஹல்டா எழுந்து ஆர்கனின் பின்பக்கம் போனாள். மூடியைத் திறந்து, சுரம் எழுப்பும் பித்தளை நாக்குகளில் மூன்றை உருவி மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இது திருட்டு" என்றார் ஸ்டாக்.

"ஷெரீஃபக் கூப்பிடுங்க. அவர் பொண்டாட்டியும்தான் பை சுட்டா."

கார்வினில் அந்த ஆர்கன் மூன்று சுரம் ஊமையாகிவிட்டது. நாக்குகளைத் திருப்பிக் கேட்டு முதலில் பணிவாக ஒரு கடிதம் வந்தது, அப்புறம் பிஷப்பிடமிருந்து, கடைசியாக வக்கீலிடமிருந்து. மூன்றையும் அவள் அடுப்பு பற்றவைக்க எடுத்துக்கொண்டாள்.

"குடுத்துத் தொலையேன். மனசுல வச்சுக்கிட்டு என்னத்தப் பண்ணப்போற?" என்றான் புருஷன் வில்பர்.

"வச்சுக்கிட்டேதான் இருக்கப்போறேன்."

அடுத்த ஞாயிறு அவள் பிரஸ்பிட்டேரியன் சபைக்குப் போனாள். வில்பருக்கு மெதடிஸ்ட் சபையை விட மனமில்லை. பத்தொன்பது வருஷம், ஞாயிறுதோறும் இருவரும் தெருமுனைவரை சேர்ந்து நடந்து, அங்கே ஆளுக்கொரு சபைக்குப் பிரிந்துபோனார்கள்.