செத்துச் செத்து எழுதிய விமர்சனம்

ஆமை என்று அவளுக்குப் பெயர் வைத்தது வாசகர்கள். கேம் விமர்சனம் எழுதுகிற மற்றவர்கள் புயல், மின்னல், வேட்டை என்று பெயர் சூட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தபோது, இவள் மட்டும் ஒவ்வொரு அறையாக நுழைந்து, ஒவ்வொரு கதவையும் திறந்து பார்த்து, எதிரி அடித்தால் வாங்கிக்கொண்டு, விழுந்து, எழுந்து, கடைசிவரை போய் முடித்துவிட்டுத்தான் எழுத உட்காருவாள். கிண்டலுக்கு வைத்த பெயரையே அவள் விமர்சனங்களுக்குக் கீழே கையெழுத்தாகப் போட ஆரம்பித்ததும் கிண்டல் செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அதற்குப் பிறகு அவளுக்கென்று ஒரு கூட்டமே சேர்ந்தது. அவள் நல்லாயிருக்கு என்றால் வாங்குவார்கள், இல்லை என்றால் கடைப்பக்கம் போக மாட்டார்கள்.

இப்போது வந்திருக்கும் வம்பு வேறு மாதிரி. 'இரும்புப் பாலம்' என்று ஒரு சண்டை கேம். வீட்டு டிவியில் கன்சோலை மாட்டி ஆடுவது. ஒற்றை வாள்வீரன், இடிந்துபோன நகரம், பாலத்துக்குப் பாலம் கவசம் போட்ட தடியர்கள். கடைக்கு வருவதற்கு முன்பே விமர்சகர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். எல்லா இணையத் தளங்களும் பத்துக்கு ஒன்பது கொடுத்துத் தலையில் தூக்கிவைத்து ஆடின. ஆமை நாலு கொடுத்தாள். கொடுத்ததோடு நிற்காமல், தான் அடிவாங்கிச் சாகிற காட்சிகளையெல்லாம் வரிசையாகக் கோத்து வீடியோவாகவும் போட்டாள். சொன்னால் ஆதாரம் காட்ட வேண்டும் என்பது அவள் கட்சி.

ஆதாரத்தை யார் பார்த்தார்கள்? சாவைத்தான் பார்த்தார்கள். விமர்சனத்தில் ஒரு வரிகூடப் படிக்காதவன் எல்லாம் வரிந்துகட்டிக்கொண்டு வந்து கிழிகிழி என்று கிழித்தான்.

"இதைக் கேளுங்க அண்ணி, இது நல்லா இருக்கு" என்று சோபாவின் நடுப்பள்ளத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துப் படித்தாள் நாத்தனார். "'இந்தம்மா முதல் பாலத்தைத் தாண்டுறதுக்குள்ள நான் காலேஜ் முடிச்சிடுவேன்.'"

"அவன் காலேஜ் முடிக்கிற லட்சணத்தை அவங்கம்மாகிட்ட கேட்டாத் தெரியும்" என்றாள் ஆமை, செருப்பை மாட்டிக்கொண்டே. அவள் எழுதுகிற தளத்தின் ஆசிரியர் ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்.

நாத்தனார் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். பகலெல்லாம் அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்வது வேலை. வீட்டுக்கு வந்தால் தன் வாயை மூட மாட்டாள். ஆனால் கேம் ஆடும்போது மட்டும் சத்தமே வராது. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஸ்க்ரீன் சொல்கிறபடியெல்லாம் செய்வாள். ஆமை நாலு கொடுத்ததற்கு அவள்தான் காரணம்.

போன வாரம் நாத்தனாரும் அந்த கேமை ஆடிப் பார்த்தாள். செத்தாள். 'தொடர்க' என்று ஸ்க்ரீனில் வந்தது, அமுக்கினாள். மறுபடி செத்தாள், மறுபடி அமுக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆமை அப்போதுதான் கவனித்தாள். ஸ்க்ரீனின் மூலையில் இருக்கும் உயிர்க்கோடு, அதாவது வீரன் எத்தனை அடி தாங்குவான் என்று காட்டுகிற சிவப்புக் கோடு, ஒவ்வொரு 'தொடர்க'வுக்கும் கொஞ்சம் குட்டையாகிக்கொண்டே வந்தது. போனது போனதுதான், திரும்ப வளரவே இல்லை. அதைப் பற்றி கேம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. திறமையானவன் முழுக்கோட்டோடு போவான். தடுமாறுகிறவன் போகப்போக நோஞ்சானாகி, கடைசியில் யாராவது தும்மினாலே விழுந்துவிடுவான்.

நாத்தனார் கன்ட்ரோலரைச் சோபாவில் போட்டுவிட்டு, "எனக்கு வராது அண்ணி, என் கை மரக்கட்டை" என்று சொல்லிச் சிரித்தாள். ஆமைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏமாற்றியது கேம். பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டவள் இவள். இதே மாதிரி எத்தனை வீட்டில் எத்தனை பேர் தன் கையைத் தானே திட்டிக்கொண்டு எழுந்து போவார்கள் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவே இல்லை. மறுநாளே புது ஆட்டம் ஆரம்பித்து, தானும் செத்துச் செத்துப் பார்த்து எழுதினாள்.

டயர் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். ரப்பர் நாற்றம் படியேறி வந்து உள்ளேயும் உட்கார்ந்திருக்கும். இரண்டு டிவி, ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் வயர்கள், சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரில் மெத்தை அடித்த ஒரு சின்ன அறை. ஆசிரியர் நாற்காலியில் பாதி உட்கார்ந்து பாதி நின்றுகொண்டிருந்தார். அவர் அப்படி இருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். பக்கத்தில் மின்னல். அவனுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது, முழங்கால் வலி உண்டு, தாடியில் பாதி வெள்ளை. கட்டைவிரல் இரண்டுக்கும் மட்டும் வயதே ஆகவில்லை. தளத்தின் இன்னொரு விமர்சகன் அவன்தான்.

"மின்னல் முழுசா ஆடி முடிச்சிட்டான்மா" என்றார் ஆசிரியர். "உயிர்க்கோடு குறையவே இல்லையாம்."

"நிஜமாத்தான்க்கா" என்றான் மின்னல் சங்கடமாக. "தொடக்கத்துல இருந்த மாதிரியேதான் கடைசி வரைக்கும் இருந்துச்சு."

"அப்ப நான் பொய் சொல்றேன்னு சொல்றியா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலைக்கா."

ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "ஒரே ஒரு வரி போதும்மா. 'இந்த விளையாட்டின் வேகத்துக்கு விமர்சகரால் ஈடுகொடுக்க முடியவில்லை' அப்படின்னு மேல போட்டுடலாம். உங்க பேர்ல. மார்க்கை மின்னல் போடட்டும். பிரச்சினை முடிஞ்சிடும்."

"யாருக்கு முடிஞ்சிடும்?" என்றாள் ஆமை. "அந்த வரியைப் போட்டா இதுவரைக்கும் நான் எழுதின எல்லாத்துக்கும் மேல போட்ட மாதிரி. நாளைக்கு எந்த கேமை நான் சரியில்லைன்னு சொன்னாலும், உனக்கு ஆடத் தெரியலைன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அதைவிட, அந்த கேமை வாங்கி அடிவாங்குறவங்க அத்தனை பேர்கிட்டயும் தப்பு உங்க மேலதான்னு நானே சொல்றதா ஆகும். முடியாது சார்."

"பின்ன என்னதான் பண்றது?"

"இப்பவே ஆடட்டும். எல்லாரும் பாக்குற மாதிரி, லைவ்ல. செத்தா ஸ்க்ரீன்ல வர்ற 'தொடர்க'வைத்தான் அமுக்கணும். அதுக்கப்புறமும் கோடு குறையலைன்னா உங்க வரியை என் கையால நானே எழுதறேன்."

"வேண்டாம்க்கா" என்று மின்னல் கெஞ்சினான். "நான் சாகவே மாட்டேன். வீணா உங்க மானம் போயிடும்."

"போனா என் மானம். நீ உட்காரு."

லைவ் என்று அறிவித்ததுதான் தாமதம், வேலைவெட்டி இல்லாதவர்கள், வேலையில் இருந்துகொண்டே இல்லாதவர்கள் எல்லோரும் வந்து குவிந்துவிட்டார்கள். மின்னல் ஆட ஆரம்பித்தான். பொய் சொல்லக் கூடாது, ஆமையே ரசித்துத்தான் பார்த்தாள். தடியன் கையை ஓங்குவதற்குள் வீரன் அவன் முதுகுப்பக்கம் இருந்தான். முதல் பாலம் போனது, இரண்டாவது பாலம் போனது. ஸ்க்ரீனின் ஓரத்தில் 'ஆமையே, ஓட்டுக்குள்ள போயிடு' என்று எழுதித் தள்ளினார்கள். மூன்றாவது பாலத்தில் சம்மட்டி வைத்திருக்கும் ராட்சசனும் சாய்ந்தான். உயிர்க்கோட்டின் நீளம் அப்படியே இருந்தது. ஆசிரியர் நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

தன் கண்தான் ஏமாற்றிவிட்டதோ என்றுகூட ஆமை ஒரு நொடி நினைத்தாள். நினைத்த நொடியே அந்த நினைப்பின் மேல் கோபம் வந்தது. சம்மட்டிக்காரனோடு நடந்த சண்டையில் ஏதோ ஒன்று அவள் கண்ணில் உறுத்தியிருந்தது.

"நிறுத்து" என்றாள்.

"என்னக்கா?"

"அந்தச் சம்மட்டிக்காரன்கிட்ட நீ செத்தே."

"நானா? இல்லையே." அவன் முகத்தில் கள்ளம் கபடம் எதுவும் இல்லை.

"நானும்தானே பாத்துட்டு இருக்கேன்" என்றார் ஆசிரியர். "எங்க செத்தான்? சும்மா வீம்புக்குப் பேசாதீங்க."

"ரீவைண்ட் பண்ணுங்க சார். லைவ்ல எல்லாரும் பாக்கட்டும். இல்லைன்னா நான் இப்படியே எழுந்து போயிடறேன்."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் பதிவைப் பின்னால் ஓட்டினார். மெதுவாக ஓட்டச் சொன்னாள் ஆமை. சம்மட்டி இறங்கியது. உயிர்க்கோடு காலி. வீரனின் முழங்கால் மடங்கியது. அவன் உடம்பு தரையில் விழுவதற்குள் மெனு திறந்தது, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆட்டத்தைச் சேமித்து வைத்திருந்த பழைய சேவ் தேர்வானது, வீரன் முழுக்கோட்டோடு மறுபடி நின்றான். 'தொடர்க' என்ற வார்த்தை ஸ்க்ரீனுக்கு வரவே நேரம் கிடைக்கவில்லை. எல்லாம் ஒரு இருமலுக்குள் முடிந்துவிட்டது.

மின்னல் தன் கட்டைவிரலையே வெறித்துப் பார்த்தான்.

"சத்தியமா எனக்கே தெரியலைக்கா" என்றான். "கை தானா போயிருக்கு. நாளைக்கே விமர்சனம் வேணும்பாங்க, செத்து விழுறதை உட்கார்ந்து பாக்க யாருக்கு நேரம் இருக்கு? செத்தா உடனே பழைய சேவுக்குப் போயிடறது வருஷக்கணக்கா பழகிப்போச்சு. நான் மட்டுமா, எழுதுறவங்க எல்லாருமே இப்படித்தான் ஆடுவோம்."

"அதனாலதான் எல்லாருமே ஒன்பது" என்றாள் ஆமை. "கூடவே இருந்த சாருக்கும் தெரியலை, ஏன்னா அவரும் அப்படி ஆடிப் பழகினவர்தான். காசு கொடுத்து வாங்குறவங்க ஸ்க்ரீன் சொல்றதைத்தான் செய்வாங்க தம்பி. இப்ப நீயும் செய்."

அவன் செய்தான். பாவம், மெனுப் பக்கம் ஓடுகிற விரலைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கிற மாதிரி இழுத்து இழுத்து 'தொடர்க'வில் வைத்தான். நாலாவது பாலத்தில் கோடு குறைந்தது. ஐந்தாவதில் அடிமேல் அடி விழுந்து பாதியானது. அதற்கப்புறம் அவன் எத்தனை வித்தை காட்டியும் நிற்கவில்லை, குறையக் குறைய இன்னும் சுலபமாகச் செத்தான், சாகச் சாக இன்னும் குறைந்தது. கடைசியில் கோடு நகக்கண் அளவுக்கு வந்தபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

"இது அநியாயம்க்கா" என்றான். அவன் குரல் நாத்தனார் குரல் மாதிரி இல்லை. தன் கையை அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த வித்தியாசம் ஆமைக்கு நன்றாகவே கேட்டது.

ஸ்க்ரீன் ஓரத்தில் இரண்டு பேர் ஆமையிடம் மன்னிப்புக் கேட்டார்கள். மற்றவர்கள் 'மின்னலும் டம்மி' என்று ஆரம்பித்தார்கள். ஆசிரியர் லைவை அணைத்தார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் ஆமை நினைத்தாள். ஆசிரியர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க சொன்னது சரிதான்மா. ஒத்துக்கறேன். ஆனா அந்த வரி மட்டும் இருக்கட்டும்."

"எதுக்கு சார்?"

அவர் வார்த்தையை மென்று முழுங்கினார். "நாலு போட்டா கேம் கம்பெனிக்காரங்க அடுத்த கேமை நமக்கு முன்னாடியே அனுப்ப மாட்டாங்க. அந்த வரி இருந்தா, ஆடத் தெரியாத ஒருத்தர் ஏதோ எழுதிட்டார்னு அவங்களும் சமாதானம் ஆயிடுவாங்க."

காலையிலிருந்து பேசிய பேச்சின் சாயம் வெளுத்தது. அவருக்குத் தெரிய வேண்டியது கேம் நல்லதா கெட்டதா என்பதே இல்லை. ஆமைக்கு அழுகை வரும்போல இருந்தது, ஆத்திரத்தில் வருகிற அழுகை. அதை இவர் முன்னால் அழ அவளுக்கு இஷ்டமில்லை.

"அனுப்பலைன்னா போகட்டும். எல்லாரும் வாங்குற அன்னைக்கு நானும் கடையில வாங்கி ஆடறேன்."

"எல்லாரும் எழுதி முடிச்சப்புறம் நாம எழுதுவோமா? கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். இங்க பாருங்க, வரி இருந்தா விமர்சனம் இருக்கும். இல்லைன்னா இப்பவே தூக்கிடுவேன்."

ஆமை கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"சரி சார். வரி போடறேன். என் பேர்ல வர்ற வரியை நான்தானே எழுதணும்?"

"தாராளமா" என்றார் ஆசிரியர். அவர் மூச்சு சீரானது. மின்னல் மட்டும் அவளைப் பார்க்காமல் வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பணிந்துபோனது அவனுக்குப் பிடிக்கவில்லை.

அவள் அடித்தாள். அவசரமே படாமல், எழுத்து எழுத்தாக. விமர்சனத்தின் உச்சந்தலையில், யார் கண்ணுக்கும் தப்பாத பெரிய எழுத்தில் அது வந்தது:

'இந்த விமர்சகர் இந்த விளையாட்டில் எண்ணி மாளாத தடவை செத்தார். ஒவ்வொரு தடவையும் நீங்கள் அமுக்கப்போகும் அதே பொத்தானைத்தான் அமுக்கினார். சாகாதவர்கள் எழுதிய விமர்சனம் வேண்டுமென்றால் மற்ற எல்லாத் தளங்களிலும் கிடைக்கும்.'

ஆசிரியர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிவதற்குள் அவள் கீழே இறங்கி மார்க் கட்டத்திலும் எதையோ தட்டி, வெளியிடு என்ற பொத்தானை அமுக்கிவிட்டாள். மின்னல் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான், தோள் குலுங்கியது.

ஆசிரியர் இரண்டு தடவை படித்தார். அப்புறம் கீழே போனார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"மூணா? நாலுதானே இருந்துச்சு?"

"நாலு, மின்னல் சாகறதுக்கு முன்னாடி போட்டது சார்" என்றாள் ஆமை.