எல்லாப் பெட்டிக்கும் ஒரே முகவரி

கடைகளில் பில் போடும் பெட்டிகள், திரும்பி வந்தவை, மேசை முழுக்க அடைத்துக் கிடந்தன. கம்பெனியில் அவற்றைச் சோதித்து அனுப்பியவள் அவள்தான். ஒவ்வொன்றாக மூடியைக் கழற்றி, கேபிளைச் செருகி, திரையைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே நெட்வொர்க் முகவரி.

மின்சாரம் வந்ததும் பெட்டியை எழுப்பிவிடுவது ஒரு சின்ன புரோகிராம். அது முதலில் நெட்வொர்க் சிப்பில் எழுதியிருக்கும் முகவரியைத் தேடும். பெட்டிக்குப் பெட்டி அந்த முகவரி வேறாக இருக்க வேண்டும். சிப் காலியாக இருந்தால், புரோகிராமிலேயே கிடக்கும் மாதிரி முகவரியை எடுத்துக்கொள்ளும். தனியாக வைத்தால் பெட்டி ஜோராக ஓடும். அதே கடையில் இன்னொன்றை மாட்டினால் இரண்டின் இணைப்பும் மாறி மாறி அறுந்துபோகும். அவள் மேசையில் இருந்ததோ ஒரே ஒரு கேபிள். ஒவ்வொன்றாகத்தான் மாட்டிப் பார்த்தாள்; ஆகவே அனுப்பும்போது எல்லாம் பாஸ்.

"முகவரி எழுதற வேலையை ஏம்மா விட்டே?" என்றார் மேனேஜர்.

"சூப்பர்வைசர் சார்தான் சொன்னாரு சார். லாரி வந்து நிக்குது, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், தள்ளிவிடுன்னாரு."

"நானா? நல்லா இருக்கே கதை!" சூப்பர்வைசர் சிரித்தார். "வாய் கூசாம பேசறா பாருங்க சார்."

அடுத்த மேசையில் சால்டரிங் செய்யும் அக்கா, அவர் அப்படிச் சொன்ன அன்று பக்கத்தில்தான் நின்றாள்.

"அக்கா, நீயாவது சொல்லேன்."

"என் காதுல ஒண்ணும் விழலைடி." அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. அவளுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

"எல்லாத்தையும் சரிபண்ணிக் குடுத்துட்டுக் கிளம்பு. நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார் மேனேஜர்.

"வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் சார், கம்பெனி மெடிக்கல் கார்டுலதான் ஓடுது. கக்கூஸ் கழுவற வேலைன்னாலும் குடுங்க சார், உங்க கால்ல விழறேன்."

"முதல்ல இதை முடிம்மா."

ஒன்றிரண்டை அப்படியே விட்டுத் தொலைக்கலாமா என்று ஆத்திரமாக வந்தது. மனசு கேட்கவில்லை. ஒவ்வொன்றிலும் தனித்தனி முகவரியை எழுதி, அக்காவின் மேசையிலிருந்த கேபிளையும் இழுத்து, இரண்டிரண்டாக மாட்டிப் பார்த்தே எடுத்து வைத்தாள்.

ஆபீஸ் அறையில் மருத்துவ கார்டை நீட்டினாள். அங்கிருந்த பெண் அதை வாங்கி, கணவனின் படத்துக்குக் குறுக்கே கத்தரிக்கோலை ஓட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் அவள் சரிசெய்த இரண்டு பெட்டிகளை அருகருகே மாட்டி மேனேஜருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. மேனேஜர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.