விஜிதாவின் பதினேழு பிழைகள்

1

இது என் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதுளையில் ஒரு கந்தோரில் என் பக்கத்து மேசையில் இருக்கும் தனேஸ்வரன் சொன்னது. "நீங்கள் எழுதுற ஆள்தானே, இதை ஒரு கதையா எழுதிவிடுங்கோ" என்றார். அவர் கேட்டது கதையா பாவமன்னிப்பா என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டு தடவை தொடங்கிப் பார்த்தேன்.

பசறை நகரத்தின் மேல் மூடுபனி ஒரு

(வேண்டாம். மலைநாட்டுக் கதை மூடுபனியில்தான் கண்விழிக்க வேண்டுமென்று எவன் சட்டம் போட்டான்? அன்று மண்டையைப் பிளக்கும் வெயிலாம்.)

தனேஸ்வரன் நேர்மையான மனிதர். அவர்

(இதையும் நிறுத்தினேன். பொய் என்பதால் அல்ல. இருபது வருடத்தில் கந்தோர்ப் பேனை ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவர் அவர். ஆனால் இந்தக் கதைக்கு அந்த நேர்மை ஒரு உதவியும் செய்யவில்லை.)

2

தனேஸ்வரனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. கணினியில் எழுத்து அடிக்கவும் திருத்தவும் உதவும் இலவச எடிட்டர் ஒன்று. அதற்குள் சின்னச் சின்ன நிரல்கள் எழுதி, நம் வேலையை அதையே செய்ய வைக்கலாம். எப்படி எழுதுவது என்று விளக்கும் ஆங்கிலக் கையேடு இருநூறு பக்கம். வேலை விஷயமாக வாராவாரம் பசறைக்குப் போகிறவர், ஸரூக் நானாவின் போட்டோகொப்பிக் கடையில் அதை அச்செடுத்தார்.

அந்தக் கடையில் விண்ணப்பமும் கடிதமும் அடித்துக் கொடுப்பவள் விஜிதா. பக்கத்துத் தோட்டத்துப் பெண், இருபத்திரண்டு வயது. ஒரே விலாசத்தைத் தினமும் இருபது தரம் அடித்துச் சலித்துப்போனவள்.

"இதைப் படிச்சா மிசினே அடிச்சிக்குமா சார்? எனக்கும் ஒரு கொப்பி எடுத்துக்கவா?"

"எடும் பிள்ளை, எடும்" என்றார்.

இரண்டு மாதம் கழித்து அவள் ஒரு பயிற்சிக் கொப்பியை நீட்டினாள். மேலே 'என் பிழைகள்' என்று தலைப்பு. கீழே பக்க எண், அடித்தது என்ன, வந்தது என்ன என்று மூன்று பத்திகள்.

"பதினேழு எடத்துல பிழை விட்டிருக்கேன் சார். பொஸ்தகத்துல உள்ளபடிதான் அடிச்சேன். எழுத்துக்கு எழுத்துப் பாத்துட்டேன். ஆனா வேற என்னமோ வருது. எங்க தப்புன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

தனேஸ்வரன் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு எடுத்துக்காட்டில் அடைப்புக்குறி விடுபட்டிருந்தது. இன்னொன்றில் வரிகளை ஒன்றிலிருந்து எண்ண வேண்டிய இடத்தில் பூச்சியத்திலிருந்து எண்ணியிருந்தார்கள். வேறொன்றில், எப்போதோ நீக்கிவிட்ட கட்டளை அப்படியே கிடந்தது. பதினேழும் கையேட்டின் பிழைகள். அவளுடையது ஒன்றுகூட இல்லை.*

* அவர் அதே கையேட்டை மூன்று தரம் வாசித்தவர். ஒன்றும் கண்ணில் படவில்லை. தெரிந்தவன் பிழையை மனதுக்குள் திருத்திக்கொண்டு தாண்டிப் போய்விடுவான். அச்சில் வந்தால், அதுவும் இங்கிலீசில் வந்தால், பிழையே இருக்காது என்று நம்புகிறவள்தான் ஒவ்வொன்றிலும் முட்டிக்கொள்வாள். முட்டிய பிறகும் தன் தலையைத்தான் குறை சொல்வாள்.

3

இந்த இடத்தை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. எழுதத்தான் வேண்டும்.

அவர் முதல் பிழையை எடிட்டர்க்காரர்களுக்குத் தன் பெயரில் அனுப்பினார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அனுப்புவதற்கான இணையக் கணக்கு அவர் பெயரில் இருந்தது, அவ்வளவுதான். ஒரு மணித்தியாலத்தில் ஏதோ ஒரு நாட்டிலிருந்து பதில் வந்தது: "நன்றி தனேஸ்வரன், உங்களுக்குக் கூர்மையான கண்." இருபது வருடக் கந்தோர் வாழ்க்கையில் அவருக்கு நன்றி சொன்ன ஆள் கிடையாது. மறுநாள் இரண்டாவதை அனுப்பினார். ஆசை வெட்கமறியாது என்பார்கள். பதினேழையும் ஒரேயடியாக அனுப்பாமல், நாளுக்கு ஒன்றாகப் பதினேழு நாள் அனுப்பினார்.

அந்தப் பதினேழு நாளுக்குள் பசறைக்கு இரண்டு தரம் போனார். பதுளையில் ஒரு கணினிப் பாடநெறிக்கு விண்ணப்பம் கோரியிருந்தார்கள். பத்திரிகையில் வந்ததை விஜிதா வெட்டி வைத்திருந்தாள்.

"போடவா சார்? நீங்க சொன்னீங்கன்னா போடுறேன். என் கொப்பியப் பாத்திருப்பீங்க, உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு இது ஏறுமா?"

ஏறும் என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் கொப்பியை என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் அனுப்பி முடித்துவிட்டு மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்தார்.

"யோசிச்சுச் செய்யும் பிள்ளை" என்றார்.

அவள் சிரித்தாள். "விளங்குது சார்" என்றாள். விண்ணப்பம் போடவில்லை.

கையேட்டின் புதிய பதிப்பில், பங்களித்தோர் பட்டியலில் தனேஸ்வரனின் பெயர் வந்தது. அதைக் கந்தோரில் எங்களுக்குக் காட்டினார். எழுந்துபோய்க் கைகொடுத்தவன் நான்தான்.

4

நாலு வருடமாகிறது. விஜிதா இப்போது பண்டாரவளையில் ஒரு உடுப்புக் கடையில் நிற்கிறாள். போன மாதம் தனேஸ்வரன் சொல்லியே தீருவது என்று பஸ் ஏறிப் போனார்.

"சார்! சுகமா இருக்கீங்களா? ஷேர்ட்டா பாக்குறீங்க? இது வெளுத்துப் போகாது."

அவர் வாய் திறக்குமுன் அவளே கேட்டாள்: "அந்தப் பொஸ்தகத்தை இப்பவும் படிக்கிறீங்களா? எனக்குத்தான் மண்டையில ஏறல. நல்லவேளை, நீங்க அன்னைக்கே பதமா சொன்னீங்க. இல்லாட்டி அங்க போய் அவமானப்பட்டிருப்பேன்."

அவள் நன்றி சொன்னாள். அவர் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, நீல ஷேர்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதை இதுவரை உடுத்தவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட இரக்கம் கொஞ்சம் கூட. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

5

முடிவு ஒன்று எழுதினேன். தனேஸ்வரன் மறுபடியும் அந்தக் கடைக்குப் போகிறார். கொப்பியை மேசையில் வைக்கிறார். "பதினேழும் புத்தகத்தின்ர பிழை, பிள்ளை. உம்மட பிழை ஒண்டும் இல்லை" என்கிறார். அவள் கோபப்படுகிறாள், அழுகிறாள், பிறகு ஒருவாறு

(நன்றாகத்தான் வந்தது.)

தனேஸ்வரனிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்தார், கண்ணைத் துடைத்தார். "இப்பிடியே விடுங்கோ. இப்பதான் மனசு ஆறுது" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடதாசியில் சொன்னதை அவர் நேரில் சொன்னதாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். இனிமேல் அவர் பண்டாரவளைக்குப் போகப் போவதில்லை. அந்த முடிவைக் கிழித்துப் போட்டேன். அவருக்கு வருத்தம்தான்.

"அப்ப நீங்கள் போய்ச் சொல்லுங்கோவன்" என்றார்.

நான் போனேனா என்று கேட்காதீர்கள். கதையை முடித்துவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன். (மேலே இன்னொருவரும் இப்படித்தான் நினைத்தார். தெரிகிறது.) அவள் கண்டுபிடித்ததை எடுத்து, மேலே என் பெயரைப் போட்டு, நானும் ஓரிடத்துக்கு அனுப்பத்தான் போகிறேன்.

6

ஆகவே முடிவு என் கையில் இல்லை. உங்களிடம் தருகிறேன்.

ஒரு சிக்கல் இருக்கிறது. தனேஸ்வரன் கேட்டுக்கொண்டதால் பெயர்களை மாற்றிவிட்டேன். அவள் விஜிதா இல்லை. கடையின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. பண்டாரவளையில் உடுப்புக் கடைகளுக்குப் பஞ்சமும் இல்லை. நீங்கள்தான் ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். உள்ளே போய், யாரையும் பார்க்காமல், பொதுவாகச் சொல்லுங்கள்: "அந்தப் பதினேழும் புத்தகத்தின் பிழை."

மற்றவர்கள் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஒருத்தி மட்டும் துணி மடிப்பதை நிறுத்துவாள்.