ஹில்டாவுக்கு ஒரு டைவ் கம்ப்யூட்டர்

1

ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லாததால் பிறந்த கதை இது. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என் மனைவி ஹில்டா கேட்டாள்: "எந்த டைவ் கம்ப்யூட்டர் வாங்கலாம்? நீங்க சொல்லுங்க." ஒரு வாரமாகிறது. நான் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாக எழுத உட்கார்ந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக அவள் என்னோடு படும் பாடு இதுதான்.

டைவ் கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. முதுகில் காற்று உருளையோடு கடலுக்குள் இறங்குகிறவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற கருவி. ஆழத்தில் மூச்சு விட விட, காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேர்கிறது. அளவு மீறிச் சேர்ந்துவிட்டால் நேராக மேலே வருவது ஆபத்து. 'இந்த ஆழத்தில் இன்னும் இத்தனை நிமிடம் இருக்கலாம்' என்று இந்தக் கருவி சொல்லிக்கொண்டே இருக்கும். நிமிடம் குறைந்தால் பீப் அடிக்கும்.

இனி கதையின் தொடக்கம்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய சார்ஜர்களுக்கும் சைக்கிள் மணிகளுக்கும் நடுவே அது கிடந்தது. கடைக்காரர் சேட்டு எடுத்து லுங்கியில் துடைத்தார்.

"இன்னா சார் பாக்குற? பாரின் வாட்சு. தண்ணில போட்டாலும் ஓடும்."

"இது வாட்ச் இல்லீங்க."

"கைல கட்டிகினு போனா வாட்சுதான் சார். நீ இன்னா, கால்ல கட்டப் போறியா?"

ஜெபகுமார் சிரித்துக்கொண்டே

(இதை இங்கேயே விட்டுவிடுகிறேன். சேட்டு என்று யாரும் இல்லை. அந்தச் சந்தைக்கு நான் போனதே ஒருமுறை, செம்பருத்திச் செடி வாங்க. ஹில்டாவிடம் இப்போது இருக்கிற பழைய கருவி வந்த வழி சாதாரணமானது: ஹில்டாவோடு கடலில் இறங்குகிற கதிரேசனின் நண்பர் ஒருவர் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போகும்போது விற்றார். வாங்கியது நான். சந்தையும் சேட்டும் எதற்கு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போட வந்தார்கள்.)

2

கணவனுக்கு ஜெபகுமார் என்று பெயர் வைத்தேன். மனைவிக்கும் வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். ஷீலா, காந்திமதி. அவர்கள் இருவரும் தண்ணீருக்குள் இறங்க மறுத்துவிட்டார்கள். அதனால் அவள் ஹில்டாவாகவே இருக்கிறாள். எனக்கு மட்டும் பொய்ப் பெயர். இதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

ஹில்டா கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியை. நாற்பத்தேழு வயது. இருபது வருடமாகச் சுவரில் தொங்குகிற வரைபடத்தில் குச்சியால் வங்காள விரிகுடாவைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தவள், இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்: "உள்ள போய்ப் பாக்கணுங்க." புதுச்சேரிக்குப் போய் முறையாகக் கற்றுக்கொண்டாள். எனக்கு நீச்சல் தெரியாது. நான் படகில் உட்கார்ந்திருப்பேன்.

என் முதல் பிரதியில் அந்த இடம் இப்படி இருந்தது:

ஜெபகுமார் படகில் அமர்ந்து, மனைவியின் மூச்சுக் குமிழிகள் வந்து உடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனதில் அச்சம் இல்லை. அவளுடைய மகிழ்ச்சியே அவனுக்குப் போதும். தன் ஆசைகளை அவள் மேல் சுமத்தாதவன் அவன்.

நான் எழுதுகிற எல்லாவற்றையும் ஹில்டாதான் முதலில் படிப்பாள், விடைத்தாள் திருத்துகிற அதே சிவப்புப் பேனாவோடு. செவ்வாய்க்கிழமை இதையும் படித்தாள். ஓரத்தில் எழுதியிருந்தாள்: 'யார் இவர்? ஒரு நாள் நம்ம வீட்டுக்கும் கூட்டிட்டு வாங்க.' அதற்குக் கீழே, கொஞ்சம் இடம் விட்டு: 'ரொம்ப நல்லவரா இருக்கார். நம்ப முடியல.'

நான் அந்தத் தாளை மடித்து அலுவலகப் பைக்குள் வைத்துக்கொண்டேன். சிறுசேரி போகிற கம்பெனி பஸ்ஸில் இரண்டு முறை எடுத்துப் படித்தேன். அவள் விளையாட்டாகத்தான் எழுதியிருந்தாள்.

3

என்ன பிரச்சினை என்று சொல்லிவிடுகிறேன்.

கடலுக்குள் இருவர் இருவராகத்தான் இறங்குவார்கள். ஒவ்வொருவர் கையிலும் தனித்தனிக் கருவி. இரண்டும் ஒரே கணக்கைச் சொல்லாது. எது குறைவான நேரம் சொல்கிறதோ அதற்கு இருவரும் கட்டுப்பட வேண்டும். ஒருவர் மேலே வந்தால் மற்றவரும் வர வேண்டும்.

ஹில்டாவின் ஜோடி கதிரேசன், மென்பொருள் வேலை பார்க்கிறவர், முப்பது வயது. நாளின் இரண்டாவது இறக்கத்தில் எப்போதும் இதுவே நடக்கும்: பதினெட்டு மீட்டர் ஆழத்தில் கதிரேசனின் கருவி இன்னும் பத்தொன்பது நிமிடம் என்று காட்டும்போது ஹில்டாவுடையது ஆறு என்று காட்டும். உருளையில் காற்று மிச்சமிருக்க, இருவரும் ஏறி வருவார்கள்.

"அக்கா, உங்க மெஷின் சண்டே ஸ்கூல் டீச்சர் மாதிரி," என்பார் கதிரேசன், படகில் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "நாம இப்பதான் உள்ள போறோம். அதுக்குள்ள பெல் அடிச்சு வீட்டுக்குப் போன்னுது."

"சாரிப்பா. கீழ அந்த ஆமை இன்னும் இருந்துச்சில்ல?"

"அது எங்கக்கா போகப்போகுது. அதுக்கு கம்ப்யூட்டர் இல்ல."

அவள் சிரிப்பாள். வேளச்சேரி தாண்டும்வரை காரில் மணிக்கட்டிலிருக்கும் கருவியையே பார்த்துக்கொண்டு வருவாள்.

வருகிற ஜனவரியில் அவர்கள் குழு அந்தமான் போகிறது. ஹில்டாவின் பெயர் பட்டியலில் இருந்தது. போன ஞாயிறு மேசையில் அவள் மூன்று கருவிகளைத் தேர்ந்து வைத்திருந்தாள். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு திரையை அருகில் இழுத்தாள்.

"இதுல எழுத்து பெருசா இருக்கு. கண்ணாடி இல்லாம படிக்கலாம். இதுல பேட்டரி நாமளே மாத்திக்கலாம். இது வாட்ச் மாதிரி அழகா இருக்கு, ஸ்கூலுக்கும் கட்டிட்டுப் போகலாம். நீங்க எது சொல்றீங்க?"

நான் எழுத்து பெரிதாக இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க?"

"பாக்குறேன்."

"நானும் பாத்துட்டேன்." லேப்டாப்பைப் பாதி மூடினாள். "எது வாங்கினாலும் ஒண்ணுதான்னு தோணுது. மெஷின் மேல தப்பு இல்லங்க. எனக்கு வயசாச்சு, உடம்பு வெயிட் போட்டிருக்கு. அதுக்குத் தெரியுது. பாவம் கதிரேசன், என்னால ஒவ்வொரு தடவையும் பாதியில ஏறி வர்றான். அவன்கிட்ட சொல்லிட்டேன், வேற ஜோடி பாத்துக்கோன்னு. அடுத்த ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்குள்ள லிஸ்ட் குடுக்கணுமாம். போகலைன்னு சொல்லிடப் போறேன்."

"அப்புறம் எதுக்கு புதுசு?"

"கடைசியா ஒரு தடவ பாக்கலாமேன்னு. வாங்கினா நீங்களே செட் பண்ணிக் குடுத்துடுங்க, அந்த மேனுவலெல்லாம் எனக்கு முடியாது."

4

இந்தப் பகுதியை இதற்கு முன் இரண்டு விதமாக எழுதினேன்.

ஜெபகுமார் தவறுதலாக ஏதோ ஒரு பொத்தானை

(இல்லை.)

கருவியை முன்பு வைத்திருந்தவர் மாற்றிவைத்ததை ஜெபகுமார் கவனிக்காமல்

(இல்லை.)

ஜெபகுமார் என்று யாரும் இல்லை. நான்தான்.

பிழைப்புக்கு நான் செய்கிற வேலை கையேடு எழுதுவது. இதை அழுத்து, பிறகு அதைத் திற என்று எழுதுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். அதனால் எங்கள் வீட்டில் மிக்ஸி முதல் இன்வெர்ட்டர் வரை எல்லாவற்றையும் படித்து ஓட வைப்பது என் பொறுப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கருவியின் கையேட்டையும் முழுக்கப் படித்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் 'தனிநபர் அமைப்பு' என்று ஒன்று இருந்தது. உடல்நலம் குறைந்தவர்கள், களைத்தவர்கள், வயது கூடியவர்கள் விரும்பினால் கருவியின் கணக்கை இன்னும் கடுமையாக்கிக்கொள்ளலாம். மூன்று படிகள்; படி ஏற ஏற அது அனுமதிக்கிற நேரம் குறையும். நான் மூன்றாவதில் வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

அந்தக் கருவிக்கு ஹில்டாவின் வயது தெரியாது. எடை தெரியாது. ஆழமும் நேரமும் மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது.

(கூடுதல் எச்சரிக்கை தப்பில்லை என்று கடலில் இறங்குகிறவர்கள் சொல்வார்கள். உண்மை. அவளிடம் கேட்டிருந்தால் அவளே இரண்டாம் படியிலாவது வைத்திருக்கக்கூடும். கேட்கவில்லை என்பதுதான் இந்தக் கதை.)

ஏன் செய்தேன் என்று வாசகராகிய நீங்கள் கேட்பீர்கள். முதல் நாள் படகில் நடந்ததைச் சொல்கிறேன், இந்தமுறை ஜெபகுமார் இல்லாமல். அவள் பின்பக்கமாகச் சாய்ந்து கடலுக்குள் விழுந்தாள். குமிழிகள் வந்தன. பிறகு படகு கொஞ்சம் திரும்பியது, குமிழிகளைக் காணோம். நாற்பது நிமிடம் நான் அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். படகுக்காரர் சிட்டிபாபு என்னைப் பார்த்து, "அண்ணா, செருப்ப கீழ வைங்க. அவங்க வருவாங்க," என்றார். அந்த அமைப்பு கடலில் இறங்குகிறவரின் நிலைக்காக உண்டாக்கப்பட்டது. நான் அதைப் படகில் உட்கார்ந்திருப்பவனின் நிலைக்குப் பொருத்தினேன். என் பயத்தை அவள் மணிக்கட்டில் கட்டி அனுப்பினேன்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. மூன்றாம் படியில் வைத்தால் திரையின் மூலையில் ஒரு சின்ன மனித உருவம் தெரியும். போன வருடம் அவள் கேட்டாள்: "இந்த பொம்மை என்னது? கதிரேசனோடதுல இல்லையே?"

"ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொண்ணு இருக்கும்," என்றேன்.

அமைப்பை மாற்றியபோது நான் பயந்தவன். இதைச் சொன்னபோது பொய்யன். ஐந்து வார்த்தைகூட இல்லை அது. அவள் நம்பிவிட்டு, அன்றிலிருந்து தன் உடம்பைச் சந்தேகிக்க ஆரம்பித்தாள்.

5

கதையை முடிக்க எனக்கு வழிகள் இருக்கின்றன.

பெரிய எழுத்துக் கருவியை வாங்கித் தருகிறேன். அது கதிரேசனுடையதைப் போலவே நேரம் காட்டுகிறது. பழையது சரியில்லை என்று இருவரும் சொல்லிக்கொள்கிறோம். ஹில்டா அந்தமானில் ஆமை பார்க்கிறாள். சுபம். புதன்கிழமை வரை இதுதான் முடிவாக இருந்தது. இதில் ஒரே ஒரு சிக்கல்: புதியதையும் நான்தான் அமைத்துத் தர வேண்டும். அதிலும் அந்தப் பக்கம் இருக்கும். அந்தமான் கடல் இன்னும் ஆழம். பொத்தான்மேல் விரல் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை இல்லாத ஒரே கதாபாத்திரம் நான்தான்.

அல்லது, பழையதை அவள் குளிக்கும்போது எடுத்து இரண்டே நிமிடத்தில் சரிசெய்து வைத்துவிடலாம். வியாழக்கிழமை எடுத்தேன். முதல் படிவரை போய்விட்டு, திரும்ப மூன்றுக்கே கொண்டுவந்து வைத்தேன். ஒருமுறை கேட்காமல் மாற்றியதை இன்னொருமுறை கேட்காமல் மாற்றினால் என்ன திருத்தம்?

அல்லது நான் ஒன்றுமே செய்யாமல் இருக்கலாம். ஆறு மணி ஆகிவிடும். அவள் வரவில்லை என்று சொல்லிவிடுவாள். அதற்கப்புறம் ஒருநாளும் என் கையில் செருப்பு இருக்காது. இந்த முடிவு எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். எழுதிவிட்டேன்.

6

இன்று ஞாயிறு. மணி நாலேகால். முதல் ஐந்து பகுதிகளையும் அச்செடுத்து ஹில்டாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்கிறாள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து இதைக் கையால் எழுதுகிறேன். சேட்டு வந்த இடத்தில் சிரித்தாள். மூன்றாம் பகுதியில் "நான் இப்படியா பேசினேன்?" என்றாள். நான்காவதைப் படிக்க ஆரம்பித்து ரொம்ப நேரமாகிறது. அவள் பக்கத்தைத் திருப்பவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

இப்போது திருப்பினாள்.

இப்போது முடித்துவிட்டாள்.

நான் தலைநிமிரவில்லை. எழுதிக்கொண்டே இருந்தால் அவள் பேச மாட்டாள் என்று

"எழுதறத நிறுத்துங்க."

நிறுத்தினேன். (இதை எழுதுவது ஒரு நிமிடம் கழித்து.)

"எத்தன நிமிஷம்?" என்றாள்.

"என்னது?"

"என்கிட்டேர்ந்து எடுத்தது. கணக்கு போட்டிருப்பீங்க. உங்களத் தெரியாதா எனக்கு?"

போட்டிருந்தேன். இறங்கிய நேரமெல்லாம் கருவியின் நினைவில் இருக்கிறது. காற்று மிச்சமிருந்தும் அவள் மேலே வந்தது பதினோரு தடவை.

"நூத்தி முப்பத்தெட்டு."

"ரெண்டு மணி நேரத்துக்கு மேல." ஜன்னல் பக்கம் பார்த்தாள். "நான் எனக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு நெனச்சேங்க. டாக்டர்கிட்ட போகலாமான்னுகூட நெனச்சேன்."

"ஹில்டா..."

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"இருக்கு," என்றேன். "இப்பவும் இருக்கு."

அவள் தாள்களை அடுக்கி மேசைமேல் வைத்தாள். பிறகு கருவியை எடுத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள், நாங்கள் இருப்பது கடலிலிருந்து எவ்வளவோ தூரம் என்றாலும். போனையும் எடுத்துக்கொண்டாள்.

"டீ போடுங்க. நான் கதிரேசன்கிட்ட பேசிட்டு வர்றேன்."

"என்ன சொல்லப் போற?"

அவள் பால்கனிக்குப் போய்விட்டாள்.

நான் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் தாளை வைத்து இதை எழுதுகிறேன். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. மேலே ஒரு விமானம் இறங்கிப் போகிறது. அவள் குரல் உயர்வதும் தணிவதும் தெரிகிறது, வார்த்தை தெரியவில்லை. நடுவில் வந்தது சிரிப்பா அழுகையா என்பதும் தெரியவில்லை. வாசகராகிய நீங்கள் இன்னும் மேசையருகிலேயே இருக்கிறீர்கள். அங்கிருந்து பால்கனிக் கதவு நாலடிதான், அதுவும் பாதி திறந்திருக்கிறது. உங்களுக்கு எல்லாம் காதில் விழும்.

விழுந்ததை என்னிடம் சொல்ல வேண்டாம். பால் பொங்கப் போகிறது. இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு நானே போய் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.