பாஸ் மீன் கடிக்கும் நேரம்

குலுக்கலில் தன் பெயரோடு மாவிஸின் பெயர் வந்ததும் வெண்டலுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டாலிவர் ஏரி பாஸ் மீன்பிடிச் சங்கத்தின் முதல் போட்டி எப்போதும் மார்ச் முதல் சனிக்கிழமை. படகு வைத்திருப்பவர்கள் பெயர் ஒரு வாளியில், படகு இல்லாதவர்கள் பெயர் இன்னொரு வாளியில். எவரோடு எவர் வந்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. எங்கே போவது, எப்போது கிளம்புவது எல்லாம் படகுக்காரர் இஷ்டம். பின்னால் உட்காருகிறவர் வாயை மூடிக்கொண்டு தூண்டில் போட வேண்டியதுதான். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

மாவிஸ் படகுக்காரி. அந்தப் படகு ஒரு காலத்தில் வெண்டலுடையது. ஐந்து வருடத்துக்கு முன்னால் விவாகரத்தின்போது படகு அவளுக்கு, நாய் அவனுக்கு என்று தீர்ப்பானது. நாய் போன வருடம் செத்துப்போயிற்று. சொந்தப் படகிலேயே பின் இருக்கையா என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலேயே எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வெண்டலும் சேர்ந்து சிரித்து வைத்தான். சிரிக்காவிட்டால் கோடை வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவனுக்கு வேறு மாதிரித் தோன்றியது. மாவிஸின் அக்கா புளோரிடாவில் தனியாக இருக்கிறாள். ஏப்ரல் ஒன்றாம் தேதி மாவிஸ் அங்கே குடிபோகிறாள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவள் போகக் கூடாது. வெண்டலுக்கு இந்த உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் ஐந்து வருடமாகத் தபால் நிலையத்திலும், அவன் வேலை பார்க்கும் இரும்புச் சாமான் கடையிலும், சர்ச் விருந்திலும் தலையசைத்துக்கொண்டதோடு சரி, நாலு வார்த்தை பேசியதில்லை. இப்போது பதினெட்டு அடிப் படகில் எட்டு மணி நேரம் தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது. அன்று ராத்திரி புதுச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டிவிட்டுப் படுத்தான்.

காலை ஐந்தரைக்கே படகுத் துறைக்குப் போய்விட்டான். தண்ணீருக்கு மேல் பனி புகைந்துகொண்டிருந்தது. ஆறரைக்கு விசில் ஊதினார்கள். மற்ற பதினேழு படகுகளும் ஒன்றன் பின் ஒன்றாகச் சீறிக்கொண்டு போயின. மாவிஸைக் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. ஏழு மணியாயிற்று, எட்டாயிற்று. கால் விரல்கள் மரத்துப்போனதால் துறையோரத்து இரைக் கடைக்குள் போய் ஒண்டினான். கடைக்கார ஒடெல், வெண்டலோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "கல்யாணப் பொண்ணு ஓடிட்டா போலிருக்கே மாப்ளே" என்றான். வெண்டல் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டான். காப்பி சூடாக இருந்ததே பெரிய விஷயம் அப்போது.

பத்தரை மணிக்கு மாவிஸின் வண்டி வந்தது. டிரெய்லரை ஒரே திருப்பில் பின்னால் எடுத்து, படகைத் தண்ணீரில் இறக்கிக் கட்டிவிட்டுச் சாவகாசமாகக் கையுறை மாட்டினாள். வெண்டலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு மணி நேரம் பாழ், போட்டி பாழ், நாலு பேர் முன்னால் மானம் போயிற்று என்று மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தான். வரும் வழியெல்லாம் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்த நல்ல வார்த்தைகள் எல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "மீனே இன்னும் எந்திரிக்கல. நான் எந்திரிச்சு வந்து என்ன பண்ண?" என்றாள்.

படகுக்காரி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. வெண்டல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தான்.

இதில் அவள் பக்கம்தான் நியாயம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோடையில் விடியற்காலைதான் பாஸ் மீனுக்கு நல்ல வேளை. மார்ச் தொடக்கத்தில் அப்படி இல்லை. ராத்திரிக் குளிரில் நீர் ஐஸாகக் கிடக்கும், மீன் ஆழத்தில் கல்லோடு கல்லாய் அசையாமல் கிடக்கும். வெயில் ஏறி, கரையோரப் பாறைகள் சூடேறி, அந்தச் சூடு தண்ணீருக்கு இறங்க மத்தியானம் தாண்டிவிடும். அதற்குப் பிறகுதான் மீன் பசியோடு கரைக்கு வரும். இது அந்த ஏரிக்கரையில் பலருக்கும் தெரியும். தெரிந்தும் அத்தனை ஆண்பிள்ளைகளும் மார்ச் மாதம் இருட்டோடு எழுந்து ஓடுவார்கள். மத்தியானம் தூண்டிலோடு கிளம்புகிறவனைச் சோம்பேறி என்று ஊர் சொல்லுமே, அதற்காக. விறைத்த விரலோடு வெறுங்கையாகத் திரும்பினால் மட்டும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மாவிஸ் வடகரைக்குப் போனாள். பழைய ரயில் பாதைக்காகக் கொட்டிய பாறைகள் அங்கே தெற்குப் பார்த்துக் கிடக்கும், நாள் முழுக்க வெயில் விழும். படகில் இருந்த கருவி தண்ணீர் நாற்பத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட் என்று காட்டியது. இஞ்சினை அணைத்து மின் மோட்டாரில் மெல்ல ஓட்டிக்கொண்டு, நண்டு போலச் செய்த சிவப்பு இரையைப் பாறை ஓரமாக வீசினாள். அவள் கை லாகவத்தை வெண்டல் ஓரக்கண்ணால் பார்த்தான். அவனோடு இருந்த இருபத்திநாலு வருடத்தில் அவள் தூண்டிலைத் தொட்டதே கிடையாது. யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று கேட்க நினைத்து விட்டுவிட்டான்.

வழியில் போன இரண்டு படகுக்காரர்கள் கையை விரித்துக் காட்டினார்கள். விடிந்ததிலிருந்து யாருக்கும் ஒன்றும் விழவில்லை. வெண்டலின் கோபம் பாதி இறங்கியது. பேச்சைத் தொடங்கலாம் என்று, புளோரிடாவில் வெயில் அதிகமாமே என்றான். ஆமாம் என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பன்னிரண்டரைக்குப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினாள். வாங்கித் தின்றான். சண்டை போட்ட நாட்களில்கூட அவள் சாப்பாடு போடாமல் இருந்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஒரு மணிக்குத் தண்ணீர் ஐம்பதைத் தொட்டது. அவளுக்கு முதல் மீன் விழுந்தது, இரண்டு பவுண்டு இருக்கும். கால் மணியில் இன்னொன்று. பிறகு வெண்டலுக்கும் ஒன்று விழுந்தது. மூன்றும் படகின் நீர்த்தொட்டியில் உயிரோடு சுற்றின. மூன்று மணிக்குள் துறைக்குப் போய் எடை போட்டாக வேண்டும், ஒரு நிமிடம் தாமதித்தாலும் கணக்கில் சேராது. இன்னும் நேரம் இருந்தது.

இரை மாட்டிக்கொண்டே மாவிஸ் கேட்டாள். "மார்ச் மாசம் காலையில மீன் கடிக்காதுன்னு உனக்கு எப்போ தெரியும்?"

வெண்டலுக்குச் சுருக்கென்றது. அவள் எதைக் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. பிரிவதற்கு முந்திய ஆறு வருடமும், மார்ச்சோ ஜூலையோ, அவள் கண் விழிக்கும் முன் அவன் வீட்டை விட்டுப் போயிருப்பான். காலையில் ஒரு நாளாவது எதிரே உட்கார்ந்து காப்பி குடிக்க மாட்டாயா என்று கேட்டுப் பார்த்தாள், அழுதுகூடப் பார்த்தாள். மீன் காத்திருக்காது என்று சொல்லிவிடுவான். இன்றைக்கு உன்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று இப்போது ஒரு வார்த்தை சொல்லலாம். அவள் நம்பவும் நம்புவாள். நல்ல பொழுதாகவே மிச்சமும் கழியும்.

"எப்பவுமே தெரியும்" என்றான்.

அவள் வீசவில்லை. தூண்டிலைக் கையில் வைத்தபடி காத்திருந்தாள்.

"நான் வேலை பாத்த மில்லை மூடினாங்களே, அதுக்கப்புறம்தான்" என்று தொடங்கினான். "நீ குளிச்சு, உடுத்தி, கோர்ட்டு ஆபீசுக்குக் கிளம்புவே. நான் நாப்பத்தேழு வயசுல, அரை டிராயரோட மேஜையில உக்காந்திருக்கணும். இன்னிக்கு என்ன பண்ணப்போறேன்னு நீ கேப்பே. நல்ல மனசோடதான் கேப்பே. எங்கிட்ட பதில் இல்ல மாவிஸ். நீ கிளம்பறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க என்னால முடியல."

பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் தூண்டில் கயிறு ஒரு பக்கமாக நகர்ந்தது. ஒரு இழுப்பு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி கனமான ஒரு இழுப்பு. பெரிய மீன். ஐந்து பவுண்டுக்குக் குறையாது என்று கை சொல்லிற்று. ஒரு சுண்டு சுண்டினால் போதும், முள் ஏறிவிடும். ஆனால் பேச்சை இப்போது விட்டால் செத்தாலும் மறுபடி தொடங்க வராது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தூண்டில் கோலை அப்படியே தொடைமேல் தாழ்த்திக்கொண்டான்.

"மீனுக்காகப் போகல. நீ எந்திரிக்கறதுக்குள்ள போயிடணும்னு போனேன். உன்னைப் பிடிக்காமப் போறேன்னு நீ நெனச்சே. அப்படியே நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு."

கயிறு தொய்ந்தது. மீன் போய்விட்டது. மாவிஸும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் கண் கலங்கியிருந்தது, கையுறையாலேயே துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். படகு கைக்கு வந்த முதல் மார்ச்சில் அவளும் எல்லோரையும் போல விடியலில் போய் ஏமாந்தாளாம். ஒடெல்தான், மத்தியானம் போய்ப் பார் என்றானாம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே உன் புருஷன்தான் என்றும் சொன்னானாம். அன்றைக்கு அவள் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

"அதுவரைக்கும் நீ ஒரு மடையன்னு நெனச்சிருந்தேன். மடையனோட வாழ்ந்துடலாம். நீ தெரிஞ்சேதான் போயிருக்கேன்னு ஒடெல் சொன்னதும், என் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்காமப் போயிருக்கான்னு நாலு வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கேன்."

இவ்வளவு நாள் அவள் சுமந்ததை ஒரு காலைக் காப்பி நேரத்தில் இறக்கி வைத்திருக்கலாம் என்று நினைக்க நினைக்க வெண்டலுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. புளோரிடாவுக்குப் போகாதே என்று கேட்க வந்தவன், கேட்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்று தலையைக் குனிந்துகொண்டான்.

இரண்டே முக்காலாயிற்று. மாவிஸ் தூண்டிலைக் கட்டி வைத்துவிட்டு இஞ்சின் பக்கம் வந்தாள். சாவியைத் திருகப் போனவள் கையை எடுத்துவிட்டு அவனைப் பார்த்தாள். காலையிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை உனக்குக் கடையில வேலை மத்தியானம்தானே?"

ஆமாம் என்று தலையாட்டினான்.

"காலையில ஏழு மணிக்கு வீட்டுக்கு வா. நான் வேலைக்குக் கிளம்புவேன். நீ மேஜையில உக்காந்து பாரு. இன்னிக்கு என்ன பண்ணப்போறேன்னு கேப்பேன். ஒண்ணும் இல்லேன்னா ஒண்ணும் இல்லேன்னு சொல்லு. அதுக்கப்புறம் அக்காவுக்கு என்ன எழுதறதுன்னு நான் பாத்துக்கறேன்."