மதிலுக்கு அந்தப் பக்கம்

மிருகவதைப் புலனாய்வு அதிகாரி என்று என் அடையாள அட்டையில் போட்டிருக்கும். பேர்தான் பெரிது. சாலையில் நின்று பார்க்கும்போது ஒரு பிராணி உயிருக்குப் போராடுவது கண்ணில் பட்டால், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம், தூக்கிக்கொண்டு வரலாம். கண்ணில் படாவிட்டால் நீதிபதியின் உத்தரவு வேண்டும். அதற்கு ஒரு நாள் ஆகிவிடும்.

அந்தப் பழுப்பு நாய் ஒரு நாள் தாங்கியிருக்காது. சாலையில் நின்றால் மதிலுக்குப் பின்னாலிருந்து முனகல் மட்டும்தான் கேட்டது. மதில் ஆறடி, நான் ஐந்தடி. பொறுமைக்கும் எனக்கும் எப்போதுமே ஆகாது. மதிலில் ஏறி நின்று படம் எடுத்தேன். வெயிலில், தண்ணீர் இல்லாமல், கழுத்துச் சதைக்குள் சங்கிலி புதைந்துபோய் நாய் கிடந்தது. அந்தப் பக்கம் குதித்துத் தூக்கி வந்துவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து வழக்கு வந்தது. கோர்ட் வராந்தாவில் எங்கள் வண்டி ஓட்டும் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நான் ஆறடிக்கு மேல இருக்கேன். ரோட்டுல நின்னு நான்தான் படம் எடுத்தேன்னு சொல்லிடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் ஒரு வழக்கில் பொய் பிடிபட்டால் நான் போட்ட மற்ற பதினோரு வழக்கையும் கிளறுவார்கள். பதினோரு பிராணிகளும் பழைய வீட்டுக்கே திரும்பிப் போகும்.

"வேண்டாம்ணே" என்றேன்.

நாய்க்காரனின் வக்கீல் நேராக அதையே கேட்டார். "எங்க நின்னு எடுத்தீங்க மேடம்?"

"மதில் மேல."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. நான் உள்ளே போனதே செல்லாது, அதனால் படமும் செல்லாது, மாலை ஐந்து மணிக்குள் நாயை அதன் வீட்டிலேயே ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர்மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது. 

அண்ணன்தான் வண்டியை ஓட்டினார். நாய் என் மடியில் தலை வைத்திருந்தது. கழுத்தில் புது முடி முளைத்திருந்தது. அந்தத் தெருவில் திரும்பியதும் அதற்குத் தெரிந்துவிட்டது. கேட்டுக்கு முன்னால் இறக்கியதும் அப்படியே உட்கார்ந்து மூத்திரம் போய்விட்டது. கடைசியில் நானே தூக்கிக்கொண்டு போய் மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தது நாய்க்காரனின் மனைவி. அவன் இன்னும் கோர்ட்டிலிருந்து வரவில்லையாம். உத்தரவை நீட்டினேன். நிதானமாக ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"உள்ள வாங்க" என்றாள்.

"எனக்கு உள்ள வர உரிமை இல்லம்மா. இன்னைக்குத்தான் கோர்ட்டுல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"இது என் வீடும்தான். நான் கூப்பிட்டா வரலாமா, கூடாதா?"

வரலாம். குடியிருப்பவர் தானாக அழைத்தால் எந்த உத்தரவும் வேண்டாம். இத்தனை வருஷத்தில் வாசலில் நின்று என்னைத் திட்டியவர்கள்தான் அதிகம். வாங்க என்று ஒருத்தர்கூடச் சொன்னதில்லை.

கொல்லைப்புறம் அழைத்துப் போனாள். அதே கம்பம், அதே சங்கிலி, நிழலுக்கு ஒரு கீற்றுகூட இல்லை. துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னாலிருந்த தகரத்தை நகர்த்தினாள். உள்ளே ஒரு குட்டி நாய். வாயைக் கம்பியால் கட்டியிருந்தது.

"நீங்க அதைத் தூக்கிட்டுப் போன மறுவாரம் இதைக் கொண்டுவந்தாரு. சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு, சோறு வைக்கிற நேரம் தவிர கட்டியே வைக்கிறாரு."

  படம் எடுத்தேன், கம்பியை அறுத்தேன். "உத்தரவுப்படி ஒப்படைச்சாச்சு. இது புது வழக்கு, ரெண்டையும் எடுத்துக்கறேன்" என்றேன். குறிப்பேட்டில் நேரம், இடம், யார் அழைத்து உள்ளே வந்தேன் என்பது எல்லாம் எழுதி, அவளிடம் படித்துக் காட்டி, கையெழுத்துக்கு நீட்டினேன்.

கையெழுத்துப் போடும்போது அவள் முழுக்கைச் சட்டை மேலே ஏறியது. மணிக்கட்டைச் சுற்றி விரல் தடங்களாகக் கன்றிப்போயிருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். சட்டையை இழுத்து விட்டுக்கொள்ளவில்லை.

"அவர் வந்ததும் இந்தக் கையெழுத்தைப் பத்திக் கேப்பாரே" என்றேன்.

"கேப்பாரு." பேனாவை மூடித் தந்தாள். "என்னைத் தூக்கிட்டுப் போறதுக்கு உங்களுக்கு அதிகாரம் இருக்கா?"

"இல்லம்மா" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டுச் சொன்ன வார்த்தை வேறில்லை.

அவள் தலையாட்டினாள். நான் இரண்டு நாய்களையும் வண்டியில் ஏற்றினேன். அண்ணன் எஞ்சினைக் கிளப்பிவிட்டார். நான் ஏறவில்லை. முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

"நான் தூக்கிட்டுப் போக முடியாது. நீங்களா ஏறினா யாரும் தடுக்க முடியாது. அடி வாங்கற பொம்பளைங்களுக்கு உதவுற ஆபீசும் எங்க ஆபீஸ் ரோட்டுலதான் இருக்கு. நான் கூட வரேன்."

அவள் தெருமுனையைப் பார்த்தாள். பிறகு வீட்டைப் பார்த்தாள்.

"செருப்பை எடுத்துட்டு வந்துடறேன்."

"வேண்டாம்மா. அப்படியே ஏறுங்க."

ஏறிவிட்டாள்.