ஃபேன் நிற்கும் வரை

கோவில்பதாகை ஏரிக்கரைக் குடிசைக்குக் கரண்டு கிடையாது. புறம்போக்காம், மீட்டர் தர மாட்டார்களாம். உள்ளே நாகப்பன் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தான். பழைய சோலார் பேனல்களைப் பிரித்துக் கண்ணாடியைப் பொடியாக்கும் ஹேமநாதனின் யார்டில் வருஷக்கணக்கில் மாஸ்க் இல்லாமல் உழைத்ததில் நுரையீரல் முழுக்கத் தூள். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அவனை நிறுத்திவிட்டு, அதே வேலைக்கு அவன் மனைவி கன்னியம்மாவைச் சேர்த்துக்கொண்டார் ஹேமநாதன். பெரிய மனசு.

ஆயுசு முடிந்ததென்று அம்பத்தூர் கம்பெனி ஒன்று கழற்றி அனுப்பிய லோடில், ஒரு பேனலில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. கன்னியம்மா அதைக் கேட்டாள். எடுத்துக்கொண்டு போ என்றார் முதலாளி. கூரைமேல் அதைச் சாய்த்து, அதிலிருந்து நேராக ஓடும் டிசி ஃபேன் ஒன்றை மாட்டியதும் நாகப்பன் பல மாதங்களுக்குப் பிறகு பகலில் தூங்கினான். அவள் வாசலில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள்.

ஒவ்வொரு பேனலையும் சீரியல் நம்பர் தெரிய உடைத்து வீடியோ எடுத்தால்தான் கம்பெனிக்கு அழித்ததற்கான சான்றிதழ். அதில் ஒரு நம்பர் குறைந்தது. கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்த ஸ்ரீநாத்திடம், கன்னியம்மா திருடிவிட்டாள் என்று கூசாமல் சொன்னார் ஹேமநாதன்.

ஸ்ரீநாத் நல்ல பிள்ளை. போலீஸெல்லாம் வேண்டாம் என்றான். குடிசைக்கே வந்து, பேனலை ஃபேன் வயரைக் கழற்றாமலே வாசலில் இறக்கச் சொல்லி, சுத்தியலை அவளிடம் கொடுத்துவிட்டு செல்போனைத் தூக்கிப் பிடித்தான்.

பேனலின் ஓரமாக ஓர் அடி அடித்தாள். கண்ணாடி முழுக்க விரிசல் ஓடியது. கண்ணாடி நொறுங்கினாலும் வெயில் பட்டால் பேனல் கரண்டு தரும் என்பது யார்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் அடித்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஸ்ரீநாத் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டான்.

"ஃபேன் நிக்கிற வரைக்கும் அடிங்கம்மா."

"அது நின்னா அவரு மூச்சும் நின்னுடும் சார். வுட்டுடு சார்."

"நான் கையெழுத்துப் போடணும்மா. ஓடுற பேனலை அழிச்சாச்சுன்னு எப்படிப் போடுறது?"

பாவம், பொய்க் கையெழுத்துப் போட மாட்டான். இந்த நேர்மையை எந்தச் செருப்பால் அடிப்பது?

மறுத்தால் திருட்டுப் பட்டம், யார்டு வேலையும் போய்விடும். கன்னியம்மா ஓங்கி ஓங்கி அடித்தாள். ஃபேன் மெதுவானது, திக்கியது, நின்றது.

வீடியோவை ஓட்டிப் பார்த்த ஸ்ரீநாத் முகம் சுளித்தான். நாகப்பன் மூச்சை இழுக்கும் சத்தம் அதில் விழுந்திருந்தது. உடைந்த பேனலை இன்னொரு தரம் எடுக்க வேண்டும், அதுவரை அவரைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான்.

கன்னியம்மா உள்ளே போனாள். முந்தானையால் புருஷன் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

இந்தத் தடவை வீடியோ சுத்தமாக வந்தது.